கரி போன இடம்

எட்டாம் வகுப்பில் வருடா வருடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றைக் காட்டி, "இதை வெட்டினால் எத்தனை கிலோ விறகு தேறும்?" என்பேன். விறகு விஷயத்தில் எங்கள் பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்தில் விறகும் கரியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. நூறு கிலோ வரும், இல்லை டீச்சர் நூற்றைம்பது வரும் என்று சண்டை போடுவார்கள். "சரி, நூறு என்றே வைத்துக்கொள்வோம். விதை ஒரு கிராம்கூட இருக்காது. மிச்சம் அத்தனையும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் சண்டை நின்றுவிடும். எல்லோருக்கும் ஒரே பதில்: மண்ணிலிருந்து. கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். வெயிலிலிருந்து என்று எப்போதாவது ஒரு குரல் வரும். காற்றிலிருந்து என்று யாரும் சொன்னதில்லை.

பாடம் தெரியாமல் இப்படிச் சொல்கிறார்கள் என்றால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது, சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பாடம் தெரியும். கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து, சூரிய ஒளியும் பச்சையமும் இருந்தால், குளுக்கோஸும் ஆக்சிஜனும் உண்டாகும் என்று அதே பிள்ளைகள் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். சமன் செய்யவும் தெரியும், ஆறு, ஆறு, ஒன்று, ஆறு. நானே அதற்குச் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறேன். நோட்டில் சமன்பாடு ஒரு பக்கம் இருக்கிறது, சுவருக்கு வெளியே மரம் ஒரு பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒரே சங்கதி என்பது அவர்கள் மனதில் ஏறவே இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், பட்டம் வாங்கிக் கறுப்பு அங்கியோடு நிற்கிற எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் கையில் கொடுத்து இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களும் மண், தண்ணீர் என்றுதான் தடுமாறுவார்கள். கார்பன் டைஆக்சைடு என்று எடுத்துச் சொன்னால், அந்த வாயுவிலிருந்து இவ்வளவு கனமான கட்டையா என்று நம்ப மறுப்பார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது. எட்டாம் வகுப்பில் இதை விட்டுவிட்டால் அப்புறம் யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை என்ற பயம்.

எங்கள் பள்ளியின் கணக்கு சாருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "உயிரியலில் ஒளிச்சேர்க்கை இருக்கிறது, வேதியியலில் கார்பன் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் கார்பன் சேர்மங்கள் என்று தனிப் பாடமே வரும். அதற்குள் என்ன அவசரம் உங்களுக்கு?" என்பார். என் சண்டையே அந்த இடத்தில்தான். வேதியியல் பாடத்தில் கார்பன் என்றால் வைரம், கிராஃபைட், பென்சில் முனை. உயிரியல் பாடத்தில் உணவு என்றால் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. இந்த மூன்றுக்கும் முதுகெலும்பு அந்தக் கார்பன்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? இரண்டு பாடத்துக்கும் ஒரே டீச்சர் இருக்கிற நடுநிலைப் பள்ளியிலேயே அது நடக்கவில்லை என்றால், இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர் என்று பிரிந்துவிடுகிற மேல்நிலைப் பள்ளியில் எப்படி நடக்கும்?

சாப்பாடு ஆற்றலாக மாறுகிறதா?

பிள்ளைகளின் தலைக்குள் இந்தக் கதவைச் சாத்தி வைத்திருப்பது எது என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு முதலில் அகப்படுவது "ஆற்றல்" என்கிற பதில். சாப்பிட்ட சோறு என்ன ஆகிறது என்று கேளுங்கள், ஆற்றலாக மாறுகிறது என்று பளிச்சென்று சொல்வார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு எடை இருக்கிறது, ஆற்றலாக மாறினால் அந்த எடை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றல் என்று சொன்னவுடன் கேள்வி முடிந்துவிடுகிறது.

பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் உடம்பில் 10 கிலோ கொழுப்புக் கரைந்தால் அது எங்கே போகிறது? 8.4 கிலோ கார்பன் டைஆக்சைடாக மூக்கு வழியே வெளியே போகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. இதே கேள்வியை மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்களிடம் கேட்டபோது பெரும்பாலானோர் சொன்ன பதில், ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது என்பதுதான். நடைப்பயிற்சி போகிறவர்கள் வியர்வையில் கொழுப்பு வடிகிறது என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். பாவம், மூச்சில் போகிறது.

பிள்ளைகளுக்கு நான் இதைத் திருப்பிச் சொல்வேன். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 7 கிலோ கார்பன் இருக்கிறது. உடம்பின் எடையில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி அதுதான் அதிகம். தோலில், தசையில், முடியில், மூளையில் எல்லாம் இருக்கிறது. தினமும் கொஞ்சம் மூச்சில் போகிறது, சோற்றிலும் குழம்பிலும் மறுபடி உள்ளே வருகிறது. அதைக் கேட்டுவிட்டுக் கையை மோந்து பார்க்கிற பையன் ஒவ்வொரு வருடமும் ஒருவன் இருப்பான்.

மூட்டம்

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது என்று காட்டுவதற்கு என்னிடம் ஒரு எளிய வழி உண்டு. சுட்டால் மிஞ்சுகிற கறுப்புக் கரி பெரும்பாலும் கார்பன்தான். பழைய கரண்டிகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, கொஞ்சம் பொருட்கள். உப்பு, ஆற்று மணல், சர்க்கரை, அரிசி, முருங்கை இலை, ஒரு துண்டு கருவாடு, சத்துணவில் போட்ட முட்டையின் வெள்ளைக்கரு, பிள்ளைகளே பிடுங்கிக் கொடுத்த தலைமுடி. ஒவ்வொன்றாகக் கரண்டியில் வைத்துச் சூடு காட்ட வேண்டும். மெழுகுவத்தியில் இதைச் செய்யக் கூடாது. அதன் புகைக்கரியே கரண்டியின் அடியில் படிந்து, எது எதனுடைய கறுப்பு என்று தெரியாமல் குழப்பிவிடும். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். முடியும் கருவாடும் எரிகிற வாடை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போகும்.

உப்பு படபடவென்று வெடித்தது, ஆனால் வெள்ளையாகவே இருந்தது. மணலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. சர்க்கரை உருகி, பழுப்பாகி, பொங்கி, கடைசியில் கறுத்தது. அரிசி கறுத்தது. இலை கறுத்தது. வெள்ளைக்கரு கறுத்தபோது பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. உயிரிடமிருந்து வந்தது எல்லாம் கறுக்கிறது, வராதது கறுக்கவில்லை என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். அது வழக்கமாக நடப்பதுதான். "அப்படியென்றால் இந்தக் கரி எல்லாம் எங்கிருந்து அரிசிக்குள் வந்தது?" என்று வழக்கம்போலக் கேட்டேன். மண்ணிலிருந்து என்று வழக்கம்போலப் பதில் வந்தது.

பேசிக்கொண்டே சர்க்கரைக் கரண்டியை விளக்கின் மேலேயே பிடித்திருந்தேன் போலிருக்கிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், ரொம்ப நேரம் காட்டாதீங்க, கரி போயிரும்" என்றாள்.

அவளுடைய அப்பா கரிமூட்டம் போடுகிறவர். தெரியாதவர்களுக்காக: வெட்டிய சீமைக்கருவேலக் கட்டைகளைக் குவியலாக நெருக்கி அடுக்கி, மேலே இலைதழையோ வைக்கோலோ பரப்பி, அதன் மேல் ஈர மண்ணை அப்பி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். மரம் எரியக் கூடாது, வேக வேண்டும். அதற்காகக் காற்று போகிற துவாரங்களைத் திறந்தும் அடைத்தும் பல நாள் காவல் இருக்க வேண்டும். முதலில் வெள்ளையாக அடர்ந்த புகை வரும். அது பெரும்பாலும் கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி எடுப்பதே பெரிய காரியம்.

"போயிரும்னா எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"மூட்டத்துல ஓட்டை விழுந்தா போகுமே, அது மாதிரி. அப்பா ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பாரு. காத்து உள்ள புகுந்துச்சுன்னா கரி பூராம் போயிரும். காலையில பாத்தா சாம்பல்தான் கெடக்கும்."

"சாம்பலா ஆயிருச்சுன்னு சொல்லு" என்றான் பக்கத்து வரிசைப் பையன் ஒருவன். அவன் எப்போதும் திருத்துகிறவன்.

அவள் விடவில்லை. "சாம்பல் எம்புட்டு இருக்கும்? ஒரு மூட்டை கரி எரிஞ்சா ஒரு சட்டி சாம்பல்கூட வராது. மிச்சம் எங்க போச்சு? நீ சொல்லு."

"நீதானே போயிருச்சுன்னே. நீயே சொல்லு."

"காத்தோடதான் போச்சு. வேற எங்க போகும்?"

"அப்ப காத்துல இருந்துதான் மரத்துக்குள்ள வந்துச்சாக்கும்!" என்றான் அவன், கேலியாக.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டும் ஏறாதது, ஒரு கேலிப்பேச்சாக வகுப்பின் நடுவில் வந்து விழுந்திருந்தது. "அவன் சொன்னது தப்பா சரியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன். அதன் பிறகு என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காற்றுக்கு எடை ஏது என்று ஒரு கட்சி. எடை இல்லாவிட்டால் மூட்டைக் கரி எப்படிக் காற்றுக்குள் போய் ஒளிந்தது என்று எதிர்க்கட்சி. இலையில் ஓட்டை இருக்கிறது, நாம் படம் வரைந்திருக்கிறோம், இலைத்துளை என்று ஒருத்தி நோட்டைப் புரட்டிக் காட்டினாள். அந்தச் சமன்பாடு அன்றைக்குத்தான் நோட்டை விட்டு வெளியே வந்தது. இடைவேளை மணி அடித்தும் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவள் வந்த திசை. நாங்கள் டீச்சர்கள் எல்லோரும் காற்றிலிருந்து மரத்துக்குப் போகிறோம், ஒளிச்சேர்க்கையில் தொடங்குகிறோம். அந்தத் திசையில் கண்ணால் காணக்கூடியது எதுவுமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வாயு, கண்ணுக்குத் தெரியாத துளைக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கட்டையாகிறது. நம்பு என்றால் எப்படி நம்புவது? மரத்திலிருந்து காற்றுக்குப் போகிற திசையில் எல்லாம் கண்முன்னால் நடக்கிறது. கட்டை இருந்தது, கரியானது, எரிந்தது, இல்லாமல் போனது. அப்பாவுக்குக் கூலி நஷ்டமானது. கரி காற்றுக்குள் போகும் என்பது அவளுக்கு வீட்டில் பட்ட அனுபவம். போகக்கூடியது வரவும் கூடும் என்பதற்கு ஒரு எட்டுதான் பாக்கி.

அந்த ஒரு எட்டை வைக்காமலே போன ஒரு மேதை உண்டு. பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட். 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மண்ணிலிருந்து வரவில்லை என்பதை இப்படி அடித்துச் சொன்னவர், அத்தனையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர்தான் 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்து 1 பவுண்டு சாம்பலே மிஞ்சியதைப் பார்த்து, மிச்சம் 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக வெளியேறிவிட்டது என்று எழுதினார். அந்த மாதிரிப் பொருளுக்கு 'கேஸ்' என்று பெயர் வைத்தவரே அவர்தான். இரண்டு சோதனையும் அவர் இறந்த பிறகு, 1648-இல் மகன் வெளியிட்ட ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. மரத்தின் எடை வந்த வழியும் கரியின் எடை போன வழியும் ஒன்றுதானோ என்று அவர் கேட்டுப்பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பையன் கேலிக்காகவாவது கேட்டான்.

எடை பார்ப்பது

காற்றுக்கு எடை ஏது என்ற கட்சியை அப்படியே விட்டுவிட முடியாது, அது நியாயமான கட்சி. அதற்கு நான் பிடித்த வழி சோடா பாட்டில். திறக்காத பெரிய சோடா பாட்டில் ஒன்றை மிட்டாய்க்கடையில் கடன் வாங்கிய டிஜிட்டல் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ள வேண்டும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சிந்தாமல் ஆட்டி, பொங்குவது அடங்கிய பிறகு மூடியோடு சேர்த்து மறுபடி நிறுத்தால் ஓரிரண்டு கிராமாவது குறைந்திருக்கும். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை, வாயு மட்டும்தான் போனது. தராசைப் பார்த்த பிறகு அந்தக் கட்சி கலைந்துவிட்டது. சோடாவைக் குடிக்கக் கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் வந்தார்கள்.

அடுத்தது வகுப்பறைக் கணக்கு. இதற்குக் கணக்கு சாரையே கூப்பிட்டேன். அறை 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 108 கன மீட்டர். அதற்குள் இருக்கிற காற்றின் எடை ஏறக்குறைய 125 கிலோ. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் காற்றில் கன அளவில் பத்தாயிரம் பங்குக்கு நாலு பங்குதான் கார்பன் டைஆக்சைடு. அது மற்ற காற்றைவிடக் கனம் என்பதால், எடையில் சுமார் 80 கிராம். அதில் கார்பன் மட்டும் தனியாக 22 கிராம் போல வரும். நூறு கிலோ காய்ந்த விறகில் பாதி, அதாவது 50 கிலோ, கார்பன். அப்படியென்றால் சுவருக்கு வெளியே நிற்கிற அந்த ஒரு மரம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைக் காற்றைச் சலித்து எடுத்திருக்க வேண்டும். இலை ஏன் அவ்வளவு மெல்லிதாக, அவ்வளவு எண்ணிக்கையில், காற்றில் விரித்துப் போட்டிருக்கிறது என்பதை அதற்கு அப்புறம் நான் விளக்கவில்லை. கணக்கு சார் விடையைச் சரிபார்த்துவிட்டு, "இது நல்ல பெருக்கல் கணக்கு" என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான் ஒத்துக்கொண்டார்.

சுண்ணாம்புத் தண்ணீர் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் நீட்டவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி வைத்துத் தெளிந்ததை எடுத்தால் போதும், கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பாலாக மாறியதும் நிறுத்திவிடாமல் தொடர்ந்து ஊதச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தெளிந்துவிடும். புத்தகத்தில் சொன்னதைத் தாண்டி ஒன்று நடந்தது என்பதில் பிள்ளைகளுக்கு வருகிற சந்தோஷம் தனி. உறிஞ்சக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

ஏன் கார்பன்?

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் அணுவுக்குள் போகலாம் என்பது என் கட்சி. வழக்கமாக அதைத்தான் முதலில் செய்கிறோம். கார்பனுக்கு நாலு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை என்று படம் போட்டு, கையைக் கோத்துவிட்டு, சேர்மம் வந்துவிட்டது என்கிறோம். படத்தில் தப்பில்லை. ஆனால் எதற்காக அந்தக் கை என்று தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாடம். ஏழாம் எட்டாம் வகுப்பில் எலக்ட்ரான் பங்கீட்டை இழுத்துக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் போதும். கறுப்பு உருண்டையில் நாலு குச்சி குத்த இடம் உண்டு, அந்தக் குச்சியின் மறுமுனையில் இன்னொரு கறுப்பு உருண்டையையும் குத்தலாம் என்ற இரண்டே விதி. சங்கிலி, கிளை, வளையம் எல்லாம் அவர்களே செய்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு பையன் தேர் செய்தான். அப்படி ஒரு மூலக்கூறு கிடையாதுதான், போகட்டும்.

அரிசியும் வைக்கோலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய ஆச்சரியம். அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸைக் கோத்ததுதான். மாவுச்சத்தில் வளையங்கள் எல்லாம் ஒரே வாட்டில் இருக்கின்றன, செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கின்றன. அந்த ஒரு திருப்பத்தால் ஒன்று நமக்குச் சோறு, மற்றது மாட்டுக்குத் தீவனம். மாடும் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கிற நுண்ணுயிரிகள்தான் அந்தக் கண்ணியை அறுத்துக் கொடுக்கின்றன. "அப்ப நாம பட்டினி கெடக்கயில வைக்கோல்ல சோறு இருந்துச்சா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். இருந்தது, நம்மிடம்தான் அதை அறுக்கும் நொதி இல்லை. இதைவிட நல்ல விதமாகக் கார்பன் சங்கிலியைப் பற்றிக் கேட்ட கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை.

இன்னொரு கேள்வி, மூட்டத்து வாக்குவாதம் நடந்த வகுப்பில் வந்தது. மண்ணில் இவ்வளவு சிலிக்கான் கிடக்கிறதே, மரம் ஏன் அதைக் கொண்டு உடம்பு கட்டவில்லை? பூமியின் மேலோட்டில் எடையில் கால்பங்குக்கு மேல் சிலிக்கான்தான். அதற்கும் கார்பன் மாதிரியே நாலு பிணைப்பு. நெல் கொஞ்சம் எடுத்தும்கொள்கிறது. நெல்தாள் கையைக் கீறுவதும், உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுவதும் அதனால்தான்; உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. ஆனால் கார்பன் எரிந்தால் கார்பன் டைஆக்சைடு, வாயு. நினைத்த இடத்துக்குப் போகும், இலைக்குள் நுழையும், மூச்சில் வெளியேறும், தண்ணீரில் கரையும். சிலிக்கான் எரிந்தால் சிலிக்கான் டைஆக்சைடு. அது மணல். மணலை மூச்சு விட முடியுமா? பிணைப்பின் வலிமை, சங்கிலியின் நீளம் என்று இன்னும் காரணங்கள் உண்டு. எட்டாம் வகுப்புக்கு இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். முதலில் கரண்டியில் மணல் சும்மா கிடந்தது ஏன் என்பதும் இங்கே சேர்ந்துகொள்ளும்.

சிவகளை நெல்

காற்றிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவில் மெல்வின் கால்வின் என்ற வேதியியலாளரின் குழு கதிரியக்கக் கார்பனைப் பாசிக்குக் கொடுத்து, அது எந்தெந்தச் சேர்மத்துக்குள் போகிறது என்று தேடிப்பிடித்ததையும், அதற்காக 1961-இல் கால்வின் நோபல் பரிசு வாங்கியதையும் சொல்லலாம். எனக்கு அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருந்தது. கீழடி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். அங்கே எடுத்த கரித்துண்டுகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பித்தான், ஒன்று பொது ஆண்டுக்கு முன் 580-ஐச் சேர்ந்தது என்று கணித்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல் உமி பொ.ஆ.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வானத்தின் மேலடுக்கில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மோதி கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஓயாமல் உண்டாகிக்கொண்டிருக்கிறது. அது கார்பன் டைஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. நெல் உயிரோடு இருக்கிற வரை காற்றிலிருந்து அதை வாங்கிக்கொண்டே இருக்கும். அறுத்த அன்றைக்கு வரவு நின்றுவிடும். அதன் பிறகு 5,730 வருடத்துக்குப் பாதி என்ற கணக்கில் குறையும். மிச்சத்தை அளந்தால் அறுவடை எப்போது என்று தெரியும். நெல் தன் கார்பனை மண்ணிலிருந்து எடுத்திருந்தால் இந்தக் கணக்கே நிற்காது. மண்ணின் வயதும் நெல்லின் வயதும் குழம்பிப்போயிருக்கும். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் பொருநைக் கரைக் காற்றில் இருந்தது அந்த உமிக்குள் இருக்கிறது.

இதிலிருந்து பிள்ளைகள் நேராக மூட்டத்துக்குத் திரும்பினார்கள். புகை கெடுதல், உலகம் சூடாகிறது என்று டிவியில் சொல்கிறார்களே, அப்படியென்றால் எங்கள் அப்பா செய்வது தப்பா? இதற்கு நான் பூசி மெழுகவில்லை. மூட்டப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மரத்தின் கார்பன் ஏழெட்டு வருடத்துக்கு முன்பு காற்றில் இருந்தது. வெட்டிய தூரிலிருந்து சீமைக்கருவேலம் மறுபடி தழைத்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அது தழைப்பதை நிறுத்த முடியவில்லை என்பதுதான் இந்த மாவட்டத்தின் புலம்பலே. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வந்து இறங்குகிற நிலக்கரி, கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் காற்றை விட்டுப் போனது. அதில் கார்பன்-14 ஒரு துளிகூட மிஞ்சவில்லை. அதை எரித்தால் காற்றிலிருக்கிற கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போகிறது. 1955-லேயே ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி இதை மரவளையங்களில் அளந்து காட்டிவிட்டார். பழைய கரியும் புதிய கரியும் ஒரே கறுப்புதான், ஆனால் கணக்கு வேறு. அந்தப் பெண் இதை அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "அதெல்லாம் இருக்கட்டும், கரி விலை ஏறுமான்னு டீச்சர்கிட்ட கேளு" என்றாராம்.

கணக்கு சார் இன்னும் தன் கட்சியில்தான் இருக்கிறார். பரீட்சையில் இது வராது, இதற்குச் செலவழித்த நேரத்தில் இரண்டு பாடம் முடித்திருக்கலாம் என்கிறார். வராதுதான். அதனால் மாதத் தேர்வுக்கு நானே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி போட்டேன்: 'ஒரு சீமைக்கருவேல மரத்தின் கட்டை எவற்றிலிருந்து உண்டானது? காரணத்தோடு எழுதுக.' பலர் சமன்பாட்டை எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். சிலர் சோடா பாட்டிலை எழுதியிருந்தார்கள். மண் என்றே எழுதியவர்களும் இருந்தார்கள், இல்லாமல் போகவில்லை. அன்றைக்குக் கேலி செய்த பையனின் விடை மூன்றே வரி. 'காற்றிலிருந்து நிறைய வந்தது. மண்ணிலிருந்து கொஞ்சம் வந்தது. எரித்த பிறகு மிஞ்சுகிற சாம்பல்தான் மண்ணிலிருந்து வந்தது.' சாம்பலைப் பற்றி நான் வகுப்பில் சொல்லவே இல்லை. ஆனால் தண்ணீரை விட்டுவிட்டான். கட்டையில் இருக்கிற ஹைட்ரஜன் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது, எடையில் நூற்றுக்கு ஆறு பங்குதான் என்றாலும் அதுவும் ஒரு பங்குதானே. அரை மதிப்பெண் குறைத்தேன். சண்டைக்கு வந்தான்.